நத்தத்தில் கேட்ட புத்தகம் கொல்கத்தாவில் பத்திரமாக இருக்கு... ஏன் ஊர் வந்து சேரமாட்டேங்குது? தேசிய, மாநில நூலகங்களின் ஒரு வருஷக் கணக்கு

நத்தம் பேரூராட்சியில் சொந்தமாக வீடோ கடையோ வைத்திருப்பவர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி கட்டுகிறார்கள். அந்தத் தொகையோடு சேர்ந்து இன்னொரு சின்னத் தொகையும் போகிறது. அதற்குப் பெயர் நூலக வரி. ரூபாய்க்கு 10 பைசா. சொத்து வரி 1,000 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 100 ரூபாய். நூலகத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவரும் இதைக் கட்டியாக வேண்டும்.

"சரி, கட்டியாச்சு. பதிலுக்கு நமக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்டால் பதில் கொஞ்சம் நீளம். காரணம், நத்தத்தில் இருக்கும் கிளை நூலகம் தனியாக நிற்கும் ஒரு கட்டடம் அல்ல. அதற்கு மேலே திண்டுக்கல், சென்னை, கடைசியில் கொல்கத்தா வரைக்கும் ஒரு சங்கிலி இருக்கிறது. அந்தச் சங்கிலி ஒரு வருஷத்தில் என்ன செய்கிறது, எந்த இடத்தில் அறுந்து கிடக்கிறது என்று பார்த்தால்தான் அந்த 100 ரூபாயின் கதை புரியும்.

காசு எங்கே போகுது?

பேரூராட்சி வசூலிக்கும் நூலக வரி அதன் சொந்தக் காசு அல்ல. திண்டுக்கல் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டிய பணம். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள் எல்லாம் இந்த ஆணைக்குழுவின் கீழ் வருகின்றன. வசூலித்த தொகையை உள்ளாட்சிகள் காலத்தோடு ஆணைக்குழுவுக்குச் செலுத்துவதில்லை என்ற புகார் தமிழ்நாட்டில் புதிதல்ல. மக்கள் கட்டிவிடுகிறார்கள், நூலகத்துக்குப் போய்ச் சேர நாளாகிறது. நூலகத்துக்கு என்றே தனி வரி, அதற்கென்று தனி அமைப்பு என்று சட்டம் எழுதியவர்கள் இந்த இழுபறியை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சட்டம் 1948-ல் வந்த சென்னை பொது நூலகங்கள் சட்டம். சுதந்திர இந்தியாவில் ஒரு மாநிலம் நிறைவேற்றிய முதல் நூலகச் சட்டம் இதுதான். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு.அவினாசிலிங்கம். பின்னால் இருந்து உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படுபவர். அவர் பிறந்த ஆகஸ்ட் 12-ஐத்தான் நாடு முழுக்க நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ரங்கநாதன் காலத்தில் ஒரு சுவையான சம்பவம் உண்டு. 1931 அக்டோபரில் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. கிராமம் கிராமமாக வண்டி போகும், புத்தகம் கொடுக்கும், பழையதை வாங்கிக்கொள்ளும். கம்ப்யூட்டர் இல்லை, தார் ரோடுகூட இல்லாத இடங்கள். ஆனாலும் வாசகரைத் தேடிப் புத்தகம் போனது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

நூலகம் யார் கையில்? மத்திய அரசா, மாநில அரசா?

அரசியலமைப்புச் சட்டம் இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. மாநில அரசு நடத்தும், நிதி கொடுக்கும் நூலகங்கள் மாநிலப் பட்டியலில் 12-வது இனம். கொல்கத்தாவில் உள்ள தேசிய நூலகம் மத்தியப் பட்டியலில் 62-வது இனம். ஆக நத்தம் கிளை நூலகம் மாநிலத்தின் பொறுப்பு, தேசிய நூலகம் மத்திய அரசின் பொறுப்பு.

தேசிய நூலகம் பழைய இம்பீரியல் நூலகம்தான். 1948-ல் பெயர் மாறியது. 1953 பிப்ரவரி 1-ம் தேதி பெல்வடேர் மாளிகையில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரான எஸ்.வையாபுரிப்பிள்ளை சேர்த்து வைத்த நூல்களும் சுவடிகளும் இன்று இருப்பது சென்னையில் அல்ல, அந்தக் கொல்கத்தா நூலகத்தில். தமிழ் ஆய்வு செய்கிறவர் ஹவுரா ரயில் ஏற வேண்டியிருப்பது இப்படித்தான்.

இரண்டு அரசுகளுக்கும் நடுவில் ஒரு நூலகம் நிற்கிறது: சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா பொது நூலகம். 1896 டிசம்பரில் திறக்கப்பட்டது. 1950-ல் மாநில மைய நூலகம் ஆனது. நடத்துவது தமிழ்நாடு அரசு. ஆனால், மத்திய அரசுச் சட்டம் ஒன்றின்படி நாடு முழுவதும் இருந்து இங்கே புத்தகம் வந்து சேர வேண்டும். ஒரே கட்டடத்துக்குள் மாநிலமும் மத்தியும் சேர்ந்து வேலை செய்யும் அரிதான இடம் இது.

புத்தகம் வெளியான 30 நாளுக்குள் என்ன நடக்கணும்?

1954-ல் நாடாளுமன்றம் நூல்கள் வழங்கல் சட்டத்தை நிறைவேற்றியது. 1956-ல் நாளிதழ்களையும் சேர்த்தார்கள். சட்டம் சொல்வது எளிது. இந்தியாவில் யார் புத்தகம் வெளியிட்டாலும் 30 நாளுக்குள் ஒரு பிரதியைத் தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். இன்னும் மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி. அந்த மூன்றும் சென்னை, மும்பை, டெல்லியில் இருக்கின்றன. சென்னைக்கான நூலகம்தான் கன்னிமாரா. செலவு பதிப்பாளருடையது.

அப்படி வரும் புத்தகங்களை வைத்து கொல்கத்தாவில் இருக்கும் மத்திய ஆய்வு நூலகம், இந்திய தேசிய நூற்பட்டியலைத் தயாரிக்கிறது. 1958 முதல் வெளிவரும் பட்டியல். தமிழ் உட்பட பல இந்திய மொழிகளில் வந்த நூல்கள் அதில் பதிவாகின்றன. இதற்கு வித்திட்டவர் சுதந்திர இந்தியாவின் முதல் தேசிய நூலகரான பி.எஸ்.கேசவன். அந்தந்த மொழிப் பகுதியை அந்தந்த மாநில அரசு அச்சிட்டுத் தருவது என்பதுதான் முதலில் போட்ட ஏற்பாடு. தேசிய, மாநில நூலகங்கள் கைகோத்த ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று என்றே இதைச் சொல்லலாம்.

சரி, புத்தகம் அனுப்பாவிட்டால் என்ன தண்டனை?

அதிகபட்சம் 50 ரூபாய் அபராதம், கூடவே புத்தகத்தின் விலை. 1954-ல் 50 ரூபாய் பெரிய தொகையாக இருந்திருக்கலாம். இன்று நான்கு நூலகத்துக்கும் புத்தகத்தைத் தபாலில் அனுப்பும் செலவே அதைவிட அதிகமாக வரும். நூலகத்துக்கு அனுப்புவதைவிட அபராதம் கட்டுவது லாபம் என்ற நிலை இருக்கும்போது சட்டத்தை யார் மதிப்பார்கள்? பெரிய பதிப்பகங்களுக்கு ஆள் இருக்கிறது, அனுப்பிவிடுவார்கள். திண்டுக்கல்லில் கவிதைத் தொகுப்பை 300 பிரதி சொந்தக் காசில் அச்சடிக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாமல் போகலாம். அவருடைய புத்தகம் தேசியப் பட்டியலில் ஏறாது. 50 வருஷம் கழித்துத் தேடினால் அப்படி ஒரு புத்தகம் வந்த தடயமே இருக்காது.

சட்டத்தில் இன்னொரு ஓட்டை. 1954-ல் எழுதப்பட்ட சட்டம் என்பதால் மின்னூல் பற்றி அதில் பேச்சே இல்லை. இன்று செல்போனில் மட்டும் வெளியாகும் தமிழ் நாவல் எந்த நூலகத்துக்கும் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. முன்பு 1867-ம் ஆண்டு அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. அதற்குப் பதிலாக 2023-ல் புதுச் சட்டம் வந்தபோது புத்தகங்களை அதன் வரம்பில் இருந்தே எடுத்துவிட்டார்கள், இதழ்கள் மட்டும்தான் அதில் வருகின்றன. அதனால் 1954 சட்டத்தின் பளு கூடியிருக்கிறது. அபராதத் தொகை மட்டும் அப்படியே நிற்கிறது.

நாலு இடத்துல எதுக்கு? ஒரே இடத்துல வச்சா போதாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் தமிழர்களுக்குத் தெரிந்த ஒரு நெருப்பில் இருக்கிறது. 1981-ல் மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்கள் அழிந்ததாகச் சொல்லப்படுகிறது. அதில் வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் அடக்கம். வேறு ஊரில் பிரதி இருந்த புத்தகங்களை மறுபடி வாங்க முடிந்தது. ஒரே பிரதியாக இருந்தவை போனது போனதுதான்.

தீ, வெள்ளம், கரையான் எல்லாமே நூலகங்களுக்கு எதிரிகள். அதனால்தான் உலகம் முழுக்க ஒரு புத்தகத்தைத் தேசிய நூலகத்திலும் மாநில நூலகத்திலும் தனித்தனியே வைக்கும் வழக்கம் வந்தது.

மத்திய அரசின் பணம் நத்தம் வரைக்கும் வருதா?

வர ஒரு வழி இருக்கிறது. 1972 மே மாதம் ராஜாராம் மோகன்ராய் பிறந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி, அவர் பெயரில் ஒரு நூலக அறக்கட்டளை கொல்கத்தாவில் தொடங்கப்பட்டது. மத்திய கலாச்சார அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. மாநிலங்களின் பொது நூலகங்களுக்கு உதவுவதுதான் இதன் வேலை.

உதவி இரண்டு வகை. ஒன்று, இணைப் பங்கு: மாநிலம் தன் பங்கைப் போட்டால் அறக்கட்டளையும் தன் பங்கைப் போடும். இன்னொன்று, மாநிலப் பங்கு எதிர்பார்க்காமல் நேரடியாகக் கொடுப்பது. புத்தகம், அலமாரி, கட்டடம், கணினி, குழந்தைகள் பகுதி என்று பலவற்றுக்கு இந்தப் பணம் உதவுகிறது. எந்தெந்த நூலகத்துக்கு என்ன என்பதை மாநில அளவிலான குழு பரிசீலிக்கிறது.

"நாங்க போட்டாத்தான் நீங்க போடுவீங்களா?" என்ற கேள்வி மாநிலங்களுக்கு இருக்கும். ஆனால், இதில் ஒரு நியாயமும் உண்டு. நூலக வரி வசூலிக்கும் தமிழ்நாடு போன்ற மாநிலத்தால் பங்கு போட முடிகிறது. நூலகச் சட்டமே இல்லாத மாநிலங்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே மக்களிடம் இருந்து நூலகத்துக்கு என்று நேரடி வருமானம் கிடையாது. 1948-ல் போட்ட விதைக்கு இன்றைக்கும் நத்தத்தில் நிழல் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

இப்படி ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில், முதல் அரையாண்டு வரி, இரண்டாம் அரையாண்டு வரி, நடுவே ஆகஸ்ட் 12 நூலகர் தினம், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம், பொது நூலகத் துறையின் புத்தகக் கொள்முதல், அறக்கட்டளையின் ஒதுக்கீடு என்று ஒரு சுற்று ஓடி முடிகிறது. கொள்முதல் விஷயத்தில் பல வருஷமாகப் பதிப்பாளர்களுக்கு மனக்குறை இருந்தது. எந்தப் புத்தகத்தை எதற்காக எடுத்தார்கள், எதை ஏன் விட்டார்கள் என்று தெரியாது என்பதுதான் குறை. 2024-ல் தமிழ்நாடு அரசு வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கையைக் கொண்டுவந்து, விண்ணப்பத்தை இணையவழிக்கு மாற்றியது.

அப்போ சங்கிலி எங்கே அறுந்து கிடக்கு?

ஒரு உதாரணம் பார்க்கலாம். நத்தம் சுற்றுவட்டாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி ஒருவர், பழைய மா ரகங்கள் பற்றி முப்பது வருஷத்துக்கு முன் வந்த ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையில் கிடைக்காது, மறுபதிப்பு இல்லை. கிளை நூலகத்தில் போய்க் கேட்கிறார்.

"சார், இந்தப் புக்கு இருக்குங்களா?"

"இங்க இல்லைங்கண்ணே. திண்டுக்கல்ல பாருங்க, இல்லாட்டி மதுரையில பாருங்க."

பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நூலகர் மேல் தப்பில்லை. சட்டம் ஒழுங்காக நடந்திருந்தால் அந்தப் புத்தகம் கொல்கத்தாவிலும் கன்னிமாராவிலும் இருக்க வேண்டும். ஆனால், நத்தத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்தப் புத்தகம் எந்தெந்த நூலகத்தில் இருக்கிறது என்று ஒரே தேடலில் பார்க்க முடிகிற, கிராமம் முதல் கொல்கத்தா வரை எல்லாப் பொது நூலகங்களையும் உள்ளடக்கிய ஒரே பட்டியல் கையில் இல்லை. கண்டுபிடித்தாலும் அங்கிருந்து இங்கே வரவழைத்துப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு கிளை நூலகத்தின் அன்றாட வேலையில் இல்லை.

கல்லூரி, பல்கலைக்கழக உலகத்தில் இந்த ஏற்பாடு பழையது. டெல்நெட் என்ற நூலக வலையமைப்பு 1988-ல் டெல்லியில் தொடங்கி, உறுப்பு நூலகங்களுக்கு இடையே புத்தகத்தைக் கடன் வாங்கித் தருகிறது. இன்ஃப்லிப்நெட் பல்கலைக்கழக நூலகங்களுக்குப் பொதுப் பட்டியல் வைத்திருக்கிறது. பேராசிரியருக்குக் கிடைக்கும் வசதி, வரி கட்டும் விவசாயிக்கு இல்லை என்பதுதான் இதில் உறுத்தும் விஷயம்.

ஆக புத்தகமும் காசும் மேலே போக சட்டம் இருக்கிறது. கீழே இறங்கி வர வழி போடவில்லை. 1931-ல் மாட்டு வண்டி செய்த வேலையை இன்று செய்ய ஆள் இல்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. 2022-ல் வந்த நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் நூலகத்துக்கு வர முடியாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஆனால், அவர்கள் கொண்டுபோவது அந்த நூலகத்தின் அலமாரியில் இருக்கும் புத்தகத்தை. இல்லாத புத்தகத்தை அவர்களாலும் கொண்டுவர முடியாது.

மதுரை நூலகம் பக்கத்துலதானே இருக்கு?

பக்கத்தில்தான். 2023 ஜூலை 15-ம் தேதி திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் மதுரையில் இருப்பதே புதுநத்தம் சாலையில். நத்தத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணம். டிஎன்பிஎஸ்சி படிக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். 2010-ல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தபோது தென்மாவட்டத்துப் பிள்ளைகள் ஏக்கத்தோடு பார்த்தார்கள், இப்போது ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் வந்திருக்கிறது.

ஆனால், தையல் யூனிட்டில் சட்டை தைத்துக்கொண்டே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நத்தத்தில் ரெடிமேட் சட்டைத் தையலில் நிறைய பேர் பிழைக்கிறார்கள். மதுரை போய்வர ஒரு நாள் போய்விடும், ஒரு நாள் கூலியும் போகும். பெரிய நூலகம் கட்டுவது பாதி வேலை. அதன் புத்தகம் நத்தம் கிளைக்கு வாரம் ஒருமுறை வந்து போனால் மீதிப் பாதியும் முடியும். அதே சாலையில்தான் தினமும் பஸ் ஓடுகிறது.

வெளிநாட்டுல எப்படிச் செய்றாங்க?

இந்தியாவைப் போலவே கூட்டாட்சி நாடான ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். அங்கேயும் தேசிய நூலகம் தனி, மாநில நூலகங்கள் தனி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம். பதிப்பாளர்கள் தேசிய நூலகத்துக்கு ஒன்று, மாநில நூலகத்துக்கு ஒன்று என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே தேசிய நூலகமும் மாநில, பிரதேச நூலகங்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. வருஷாவருஷம் கூட்டாக வேலைத் திட்டம் போடுகிறார்கள், வருஷ முடிவில் என்ன செய்தோம் என்று அறிக்கை தருகிறார்கள். 2019-ல் இந்த ஒன்பது நூலகங்களும் சேர்ந்து தேசிய மின்வைப்பு என்ற ஒரே இணைய வாசலைத் திறந்தன. பதிப்பாளர் மின்னூலை ஒருமுறை ஏற்றினால் போதும். தேசிய நூலகத்துக்கும் சொந்த மாநில நூலகத்துக்கும் செலுத்த வேண்டிய கடமை இரண்டும் தீர்ந்துவிடும். ஒன்பது நூலகமும் தனித்தனியாக மென்பொருள் வாங்கி, தனித்தனியாகச் சேமிக்க வேண்டிய செலவு ஒரே இடத்துக்கு வந்தது.

தேடுவதற்கு 2009 முதல் ட்ரோவ் என்ற தளம் இருக்கிறது. நாடு முழுக்க உள்ள நூலகங்களில் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று காட்டும். பழைய செய்தித்தாள்களை முழுசாகப் படிக்கலாம். காசு வாங்குவதில்லை.

அங்கே எல்லாம் பால் வடியுது என்று நினைக்க வேண்டாம். இந்த ட்ரோவ் தளமே பணமில்லாமல் மூடப்படும் நிலைக்கு வந்தது. 2023 ஏப்ரலில் அந்நாட்டு அரசு நான்கு ஆண்டுகளுக்கு 3.3 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியதால் தப்பித்தது. கூட்டாகச் செய்தால் செலவு குறையும், ஆனால் யாராவது ஒருவர் தொடர்ந்து பணம் போட்டே ஆக வேண்டும். வருஷா வருஷம் கையேந்தும் நிலையில் எந்தப் பொதுப் பட்டியலும் நிலைக்காது.

சிங்கப்பூரில் இந்தச் சிக்கலே வேறு மாதிரி. அங்கே தேசிய நூலகத்தையும் ஊர் நூலகங்களையும் நடத்துவது ஒரே வாரியம். சின்ன நாடு, ஒரே அரசு. 2015-ல் நாட்டின் 50-வது ஆண்டுக்காக, தமிழ்ச் சமூகமும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து சிங்கப்பூரில் 50 ஆண்டுகளில் வந்த தமிழ் இலக்கிய நூல்களை மின்மயமாக்கின. சுமார் 350 நூல்கள். எழுத்தாளர்களிடம் அனுமதி வாங்கிச் செய்த வேலை என்பது இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டா முடிஞ்சுதே?

முடியாது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. முப்பது வருஷத்துக்கு முன் வந்த மாம்பழப் புத்தகத்தை நூலகம் நினைத்த மாத்திரத்தில் எல்லோருக்கும் திறந்துவிட முடியாது.

பழைய நூல்களுக்கும் நாட்டுடைமை ஆக்கப்பட்டவற்றுக்கும் அந்தத் தடை இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017-ல் திறந்த தமிழ் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மத்திய அரசு தரப்பில் ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்னணு நூலகம் இருக்கிறது. 2018 ஜூனில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாடநூல், தேர்வுப் பயிற்சி என்று மாணவர்களுக்கான சரக்கு அதில் அதிகம். இரண்டுமே செல்போனில் திறக்கும்.

ஆய்விதழ்களுக்கு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி 1-ல் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களும்தான் இதன் முதல் கட்டத்தில் வருகின்றன. அந்தக் கதவு காந்திகிராமத்தில் இருப்பது போன்ற அரசு நிதியில் நடக்கும் பல்கலைக்கழகங்களுக்கு உரியது. நத்தம் கிளை நூலகத்துக்கு வரும் வாசகருக்கு அது இன்னும் திறக்கவில்லை.

மத்திய அரசே எல்லாத்தையும் இணைச்சுட்டா என்ன?

இங்கேதான் அரசியல் வருகிறது. 2023 ஆகஸ்ட் 5, 6 தேதிகளில் டெல்லியில் நூலகத் திருவிழா நடந்தது. குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு தொடங்கிவைத்தார். அந்தச் சமயத்தில் நூலகங்களைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோவது பற்றிய பேச்சு எழுந்தது. எதிர்ப்பும் உடனே கிளம்பியது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு சட்டென்று சூடாவதற்குக் காரணம் இருக்கிறது. 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் கல்வி மாநிலப் பட்டியலில் இருந்து பொதுப்பட்டியலுக்குப் போனது. அதன் பின்விளைவுகள் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. நூலகத்தையும் கொடுத்துவிட்டு என்ன புத்தகம் வாங்கலாம் என்று டெல்லியைக் கேட்க வேண்டுமா என்ற பயம் நியாயமானது. ஒரு ஊர் நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் பக்கத்தில் முடிவாக வேண்டிய விஷயம்.

ஆனால், இணைப்புக்கு அதிகார மாற்றம் தேவையில்லை என்பதை ஆஸ்திரேலியா காட்டியிருக்கிறது. அங்கே மாநில நூலகங்கள் மாநிலங்களிடமே இருக்கின்றன. பட்டியலையும் மென்பொருளையும் மட்டும் பொதுவாக்கினார்கள். இங்கேயும் தமிழ்நாடு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. மாநிலத்தில் 4,600-க்கும் அதிகமான பொது நூலகங்கள் இருக்கின்றன. அவற்றையும் கன்னிமாரா, அண்ணா, கலைஞர் நூலகங்களையும் ஒரே தேடலில் கொண்டுவந்துவிட்டால் நத்தத்துக்குப் பாதிப் பிரச்சினை தீரும். கொல்கத்தாவோடு கைகோப்பது அடுத்த படி.

இப்போதைக்கு நத்தத்துக்காரர் என்ன செய்யலாம்?

கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகலாம். கட்டணம் சொற்பம். தேவையான புத்தகம் இல்லையென்றால் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாமல், நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் எழுதி நூலகரிடம் கொடுக்கலாம். அது அடுத்த கொள்முதலின்போது கோரிக்கையாக மேலே போக ஒரு வழி. எழுத்தில் இல்லாத கோரிக்கை மேலே போகாது. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கே கடிதமாகவும் எழுதலாம். பேரூராட்சி வசூலித்த நூலக வரி எவ்வளவு, அதில் ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கவும் வரி கட்டுபவருக்கு உரிமை உண்டு. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.

சொந்தமாகப் புத்தகம் வெளியிடுபவர்கள் நான்கு பிரதிகளைத் தனியாக எடுத்துவைத்து, கொல்கத்தா, சென்னை, மும்பை, டெல்லிக்கு அனுப்பிவிட்டு அனுப்பியதற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது. புத்தகம் வெளியான நாளில் இருந்து 30 நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும்.